மெஷின், சாப்ட்வேர், சர்வீஸ் மூணும் ஒரே ரேட்டுக்கு வித்தா வருமானத்த எந்த வருஷத்துல காட்டறது?

பாண்டிச்சேரி, கடலூர் பக்கம் ஹோட்டலுக்கு பில்லிங் மெஷின் விக்கறவங்க, சிசிடிவி மாட்டறவங்க, ஸ்கூல் வேனுக்கு ஜிபிஎஸ் போடறவங்க, கிளினிக்குக்கு சாப்ட்வேரோட சேத்து கம்ப்யூட்டர் செட்டப் பண்ணித் தர்றவங்க, இவங்க யாரும் இப்பல்லாம் ஒத்த பொருளா விக்கறது இல்ல. மெஷின், சாப்ட்வேர், மூணு வருஷ ஏஎம்சி (வருஷ பராமரிப்பு சர்வீஸ்) எல்லாம் சேத்து ஒரே ரேட்டு தான். கஸ்டமருக்கு ஈஸி, விக்கறவங்களுக்கும் ஈஸி, கணக்கு எழுதறவங்களுக்கு தான் மண்டை காயும். ஏன்னா மொத்த காசும் முன்னாடியே வந்துடுது, வேலைல ஒரு பகுதி இன்னும் மூணு வருஷத்துக்கு பாக்கி கிடக்குது. இத எப்படி காட்டறதுங்கறதுல நம்ம ஊர்ல மூணு நாலு வழக்கம் இருக்கு, ஒவ்வொண்ணா பாக்கலாம். என் ஓட்டு எதுக்குன்னு இப்பவே சொல்லிடறேன்: தனித்தனியா வித்தா என்ன விலையோ அந்த விகிதத்துல பிரிச்சு காட்டறதுக்கு தான். வரி தள்ளிப் போகுதுங்கறது ரெண்டாவது விஷயம், எந்த பிரிவு சம்பாதிக்குது எது கையக் கடிக்குதுன்னு முதலாளிக்கு தெரியறது அந்த ஒரு வழில மட்டும் தான்.

ஒரு கணக்க வச்சுக்கிட்டு பேசலாம். பாண்டிச்சேரி லாஸ்பேட்டைல ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னு வச்சுக்குங்க. கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஹோட்டலுக்கு டச் ஸ்கிரீன் மெஷின், கிச்சன் பிரிண்டர், கேஷ் டிராயர், லைஃப்டைம் லைசென்ஸோட சாப்ட்வேர், மூணு வருஷ சர்வீஸ், எல்லாம் சேத்து ஜிஎஸ்டி இல்லாம 1,20,000 ரூபா. இதையே தனித்தனியா வாங்கினா மெஷின் செட் 75,000, சாப்ட்வேர் 30,000, ஏஎம்சி வருஷத்துக்கு 15,000 வீதம் மூணு வருஷத்துக்கு 45,000, ஆக மொத்தம் 1,50,000. மெஷின் செட் கம்பெனிக்கு அடக்கம் 55,000. மார்ச் 24-ல பில்லு, மார்ச் 31-ல மாட்டி ஓட்டிக் காட்டியாச்சு, ஏப்ரல் 1-லேர்ந்து சர்வீஸ் ஆரம்பம். பில்லுல என்ன போட்டிருக்குன்னா மெஷின் 90,000, சாப்ட்வேர் 30,000, ஏஎம்சி ஃப்ரீ. அந்த ஃப்ரீக்கு அப்புறம் வர்றேன்.

முதல் வழி, எல்லாருக்கும் தெரிஞ்ச வழி, பில்லு போட்ட அன்னிக்கே 1,20,000-மும் சேல்ஸ். டேலி கணக்கு சாப்ட்வேர்ல இன்வாய்ஸ் போட்டா தானா அப்படித்தான் விழும், யாரும் தனியா முடிவெடுக்கவே தேவையில்ல, அதனாலயே பாதி கம்பெனிங்க இப்படி ஓடுது. "காசும் வந்துடுச்சு, பில்லும் போட்டாச்சு, ஜிஎஸ்டியும் கட்டியாச்சு, அப்புறமும் வருமானம் இல்லங்கறீங்களே, என்னங்க இது"ன்னு முதலாளி கேப்பாரு, கேக்கறதுல நியாயம் இருக்கற மாதிரி தான் தோணும். ஆனா அடுத்த மூணு வருஷத்த பாருங்க. பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம்னு சர்வீஸ் பையன் பைக்க எடுத்துக்கிட்டு ஓடுவான், அவன் சம்பளம், பெட்ரோல், ஸ்பேர் எல்லாம் சேத்து இந்த ஒரு கஸ்டமருக்கு வருஷத்துக்கு 7,000 செலவுன்னு வைங்க. முதல் வழில மார்ச்ல 65,000 லாபம், அப்புறம் மூணு வருஷமும் 7,000 நஷ்டம். சர்வீஸ் டிபார்ட்மெண்ட்னாலே தண்டச் செலவு மாதிரி தெரியும். அத பாத்துட்டு ரெண்டு பசங்கள வேலைய விட்டு நிறுத்தின முதலாளிங்க இருக்காங்க, நிறுத்தின ஆறு மாசத்துல கஸ்டமர் ரினியூவல் பண்ணாம போயிடுவான், அப்பவும் காரணம் கணக்குல இருக்குன்னு யாருக்கும் தோணாது.

சட்டப்படியும் இந்த வழி நிக்காது. இந்த சைஸ் கம்பெனிக்கு பொருந்தறது ஆடிட்டருங்களோட அமைப்பான ஐசிஏஐ 1985-ல கொண்டு வந்த ஏஎஸ் 9-ங்கற கணக்கு ஸ்டாண்டர்டு. சர்வீஸ் வருமானத்த வேலை நடக்க நடக்க தான் எடுக்கணும்னு அதுலயே இருக்கு, எத்தன தடவ வந்து பாக்கணும்னு எண்ணிக்கை இல்லாம ஒரு காலத்துக்கு சேவை குடுக்கறதா இருந்தா அந்த காலம் முழுக்க சமமா பிரிக்கணும்னு கூட சொல்லியிருக்கு, ஏஎம்சிக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி. அந்த ஸ்டாண்டர்டு பின்னிணைப்புல ஒரு அழகான உதாரணம் இருக்கு. மாட்டித் தர்ற பொருளா இருந்தா மாட்டி முடிச்சு கஸ்டமர் ஏத்துக்கற வரைக்கும் பொதுவா சேல்ஸ் காட்டக் கூடாது, ஆனா மாட்டற வேலை ரொம்ப சுலபம்னா காட்டலாம், எப்படின்னா ஃபேக்டரில டெஸ்ட் பண்ணி வந்த டிவிய பிரிச்சு கரண்டும் ஆண்டெனாவும் குடுக்கற மாதிரின்னு போட்டிருக்கு. ஆண்டெனா காலத்து ரூல், ஆனா இன்னிக்கும் வேலை செய்யுது. பில்லிங் மெஷின்ல மெனு ஏத்தணும், கிச்சன் பிரிண்டர் லைன் இழுக்கணும், கேஷியருக்கு சொல்லித் தரணும், இது டிவி கேஸ் கிடையாது. அதனால மார்ச் 24 தேதி பில்லு ஏப்ரல் 5-ல தான் மாட்டினீங்கன்னா மெஷின் காசு கூட அடுத்த வருஷத்துக்கு தான் போகும். மார்ச் கடைசி வாரத்துல பில்லு மட்டும் கிழிச்சு டார்கெட் முடிக்கற பழக்கம் இருக்கே, அதுக்கு இது ஆப்பு.

ரெண்டாவது வழி இதுக்கு நேர் எதிர். எதையும் இப்போ காட்டாம 1,20,000-த்தையும் 36 மாசத்துக்கு சமமா பரப்பறது, வருஷத்துக்கு 40,000. ரொம்ப ஜாக்கிரதையான ஆடிட்டருங்க சில பேருக்கு இது பிடிக்கும். உலகத்துலயே பெரிய கம்பெனி ஒண்ணு இப்படி பண்ணியிருக்கு. ஆப்பிள் 2007-ல ஐபோன் விட்டப்போ பின்னாடி சாப்ட்வேர் அப்டேட் இலவசமா தருவோம்னு சொன்னாங்க, அந்த அப்டேட்டுக்கு தனியா சந்தை விலைன்னு ஒண்ணு இல்ல, அன்னிக்கு இருந்த அமெரிக்க ரூல் படி தனி விலைக்கு ஆதாரம் காட்ட முடியலன்னா பிரிக்கவே கூடாது. அதனால போன் காச மொத்தமா 24 மாசத்துக்கு பரப்பினாங்க, கடைல கியூ கட்டி வித்தும் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா தான் தெரிஞ்சுது. அதே சமயத்துல இன்னொரு கூத்தும் நடந்துச்சு, ஏற்கனவே வித்த மேக் கம்ப்யூட்டருங்கள்ல வேகமான வைஃபைய திறந்து விடற ஒரு சின்ன சாப்ட்வேருக்கு 1.99 டாலர் வாங்கினாங்க, இலவசமா குடுத்தா பழைய சேல்ஸ் கணக்க கேள்வி கேப்பாங்கன்னு. 2009-ல ரூல் மாறி, தனி விலைக்கு மதிப்பீடு போட்டே பிரிக்கலாம்னு வந்ததும் ஆப்பிள் உடனே மாறிடுச்சு, ஒரு ஐபோன்ல அப்டேட்டுக்குன்னு 25 டாலர் மட்டும் ஒதுக்கிட்டு மீதிய வித்த அன்னிக்கே எடுத்துக்கிட்டாங்க. அதாவது முழுசா பரப்பறது ரூல் கட்டாயப்படுத்தின வரைக்கும் தான்.

நம்ம லாஸ்பேட்டை கம்பெனிக்கு இது இன்னும் மோசம். 55,000 ரூபா மெஷின் கஸ்டமர் கடைக்கு போயிடுச்சு, அது இனிமே உங்க ஸ்டாக் கிடையாது, அத செலவுல போட்டா மார்ச்ல வருமானம் பூஜ்யம் நஷ்டம் 55,000-ன்னு நிக்கும், போடாம பரப்பினா எந்த தலைப்புல வைக்கறதுன்னு தெரியாம பேலன்ஸ் ஷீட்டுல தொங்கும். நல்லா விக்க விக்க நஷ்டம் காட்டற கணக்கு யாருக்கு பிரயோஜனம்?

ஆனா ஒரு இடத்துல இந்த வழி தான் சரி. ஸ்கூல் வேன் ஜிபிஎஸ் டிராக்கர எடுத்துக்குங்க. உங்க சர்வர் இல்லன்னா அந்த டப்பா வெறும் டப்பா தான், வேற யார் சாப்ட்வேரோடயும் பேசாது, கஸ்டமர் வாங்கறது டப்பாவ இல்ல, வண்டி எங்க இருக்குன்னு மூணு வருஷத்துக்கு பாக்கற வசதிய. அங்க மெஷினையும் சேவையையும் பிரிக்கறதே செயற்கை, மொத்தத்தையும் காலத்துக்கு பரப்பறது தான் நியாயம். பில்லிங் மெஷின் அப்படி இல்ல, ஏஎம்சி இல்லாமலும் ஓடும், வேற ஆளு சாப்ட்வேரையும் அதுல போடலாம். ஒரு பொருள் மத்தது இல்லாம கஸ்டமருக்கு உதவுமாங்கறது தான் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி. பெரிய கம்பெனிங்களுக்கான வருமான ஸ்டாண்டர்டு இண்ட் ஏஎஸ் 115 இதையே பக்கம் பக்கமா கேக்குது.

சரி, பிரிக்கலாம்னு முடிவாயிடுச்சு. எப்படி பிரிக்கறதுங்கறதுல தான் உண்மையான சண்டை.

பில்லுல இருக்கற ரேட்ட அப்படியே எடுத்துக்கலாம்னு சொல்றவங்க தான் ஜாஸ்தி. மெஷின் 90,000, சாப்ட்வேர் 30,000, ஏஎம்சி பூஜ்யம். அந்த 90,000 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளுங்க. தனியா வித்தா 75,000 தான், மொத்த பேக்கேஜ்ல தள்ளுபடி குடுத்துட்டு மெஷின் ரேட்டு மட்டும் எப்படி ஏறும்? கஸ்டமருக்கு பேங்க்ல மெஷினுக்கு மட்டும் தான் லோன் தர்றாங்க, அதனால அவர் மெஷின் மேல ஏத்திப் போடச் சொல்லியிருப்பாரு, இல்லன்னா ஏஎம்சி ஃப்ரீன்னு சொன்னா கஸ்டமர் முகம் மலரும்னு சேல்ஸ் பையன் போட்டிருப்பான். பில்லுல இருக்கற விகிதம் விக்கறதுக்காக எழுதினது, கணக்குக்காக எழுதினது இல்ல. மூணு வருஷம் வந்து பாக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு அதுக்கு விலை பூஜ்யம்னா அந்த கஸ்டமரே நம்ப மாட்டாரு.

மெஷின் பக்கம் சாய்க்கறதுல என்ன ஆபத்துன்னு பாக்கணும்னா ஜெராக்ஸ் கதை இருக்கு. காப்பியர் மெஷின், சர்வீஸ், ஃபைனான்ஸ் எல்லாம் சேத்து மாசா மாசம் ஒரே தொகைன்னு லீஸ் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. 1997-லேர்ந்து 2000 வரைக்கும் அந்த மாசத் தொகைல மெஷினுக்குன்னு ஒதுக்கற பங்க ஏத்தி ஏத்தி வருமானத்த முன்னாடியே காட்டினது உட்பட பல வழில 300 கோடி டாலருக்கு மேல வருமானத்த முன்கூட்டி எடுத்தாங்கன்னு அமெரிக்காவோட பங்குச்சந்தை கட்டுப்பாட்டு அமைப்பு எஸ்இசி குற்றம் சாட்டுச்சு. 2002-ல ஒத்துக்காமலும் மறுக்காமலும் 1 கோடி டாலர் அபராதம் கட்டி பழைய வருஷக் கணக்கெல்லாம் திருத்தி எழுதினாங்க. லாஸ்பேட்டைக்கு எஸ்இசி வராது தான். ஆனா ஆசை அதே ஆசை, வழி அதே வழி.

மீதி முறைன்னு ஒண்ணு இருக்கு, விலை தெரிஞ்சத எல்லாம் கழிச்சுட்டு மிச்சம் இருக்கறது சாப்ட்வேருக்குன்னு. சாப்ட்வேர் விலை ஆளுக்கு ஆள் மாறுது, அதுக்கு நிலையான ரேட்டே கிடையாதுன்னு சொல்றவங்க இத பிடிச்சுக்குவாங்க. நம்ம கணக்குல போட்டு பாருங்க, 1,20,000-ல 75,000 போச்சு, 45,000 போச்சு, சாப்ட்வேருக்கு பூஜ்யம். தனியா 30,000-க்கு விக்கற சாப்ட்வேர் விலை பூஜ்யமா? பேக்கேஜ் தள்ளுபடி மொத்தமும் சாப்ட்வேர் தலைல விழுந்துடுது. விலை உண்மையாவே தாறுமாறா மாறற இடத்துல, இல்லன்னா இதுவரைக்கும் தனியா வித்தே பாக்காத பொருளுக்கு மட்டும் இத தொடலாம், அங்கயும் விடை பூஜ்யம்னு வந்தா முறை தப்புன்னு எடுத்துக்குங்க.

கடைசியா நான் சொல்ற முறை. தனி விலை மொத்தம் 1,50,000, வாங்கினது 1,20,000, அதாவது எல்லாத்துக்கும் சமமா 80 சதவீதம். மெஷின் 60,000, சாப்ட்வேர் 24,000, ஏஎம்சி 36,000. மெஷினும் சாப்ட்வேரும் மார்ச் 31-ல ஓட்டிக் காட்டினதும் 84,000 எடுத்துக்கலாம், மீதி 36,000 மாசத்துக்கு 1,000 வீதம் 36 மாசம். லாபம் எப்படி மாறுது பாருங்க: மார்ச்ல 29,000, அப்புறம் மூணு வருஷமும் 12,000 வருமானத்துல 7,000 செலவு போக 5,000, 5,000, 5,000. மொத்தம் முதல் வழில வந்த அதே 44,000 தான், ஒரு ரூபா கூடல குறையல. ஆனா இப்போ ரெண்டு உண்மை வெளில வருது. மெஷின்ல 60,000-க்கு 55,000 அடக்கம், வெறும் 5,000 தான் நிக்குது, லாபம் எல்லாம் சாப்ட்வேர்லயும் சர்வீஸ்லயும் இருக்கு. தண்டச் செலவுன்னு நினைச்ச சர்வீஸ் பசங்க தான் சம்பாதிச்சுக் குடுக்கறாங்க. மெஷின்ல இன்னும் 5,000 தள்ளுபடி கேக்கற கஸ்டமர்கிட்ட எதுல விட்டுக் குடுக்கலாம் எதுல கூடாதுன்னு இதுக்கப்புறம் தான் பேச முடியும்.

தனி விலைக்கு ஆதாரம் எங்கன்னு ஆடிட்டர் கேப்பாரு. ஏஎம்சிக்கு ரினியூவல் பில்லுங்க தான் பெஸ்ட் ஆதாரம், பழைய கஸ்டமர் மூணு வருஷம் முடிஞ்சு தனியா என்ன குடுத்து புதுப்பிக்கறாங்களோ அது தான் விலை. கடலூர் பக்கம் 14,000 பாண்டில 16,000-ன்னு வித்தியாசம் இருந்தாலும் பரவால்ல, நடுவுல ஒண்ண எடுத்து ஏப்ரல்லயே ஒரு பக்கத்துக்கு ரேட் லிஸ்ட் அடிச்சு டைரக்டர் கையெழுத்து வாங்கி வச்சுடுங்க. வருஷம் முடிஞ்சப்புறம் லாபத்த பாத்துட்டு ரேட் லிஸ்ட் போட்டா அது ஆதாரம் இல்ல. தனியா விக்காத பொருளுக்கு அடக்கத்தோட வழக்கமான மார்ஜின் சேத்து போடலாம்.

இந்த விகித முறை இண்ட் ஏஎஸ் 115-ல இருக்கறது, 2018 ஏப்ரல் 1-லேர்ந்து அமல். லிஸ்டட் கம்பெனிங்க, நெட்வொர்த் 250 கோடிக்கு மேல இருக்கற கம்பெனிங்க, அவங்களோட துணை நிறுவனங்க, இவங்களுக்கு தான் கட்டாயம். ஏஎஸ் 9 பேக்கேஜ் விலைய எந்த விகிதத்துல பிரிக்கணும்னு சொல்லித் தரல, அதே சமயம் இப்படி பிரிக்காதேன்னும் தடுக்கல. அதனால விகிதத்த மட்டும் அங்கேர்ந்து கடன் வாங்கிக்கலாம், மொத்த இண்ட் ஏஎஸ்ஸுக்கும் விருப்பப்பட்டு மாறணும்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லுங்க, ஒரு தடவ போனா திரும்ப வர முடியாது, சின்ன கம்பெனிக்கு அந்த டிஸ்க்ளோஷர் எல்லாம் எழுதவே ஒரு ஆளு வேணும்.

ஜிஎஸ்டி இதுல தலையிடவே தலையிடாது. நீங்க வருமானத்த மூணு வருஷத்துக்கு பரப்பினாலும் பில்லு போட்ட 1,20,000-க்கு 18 சதவீதம் 21,600 அந்த மாசமே கட்டணும். ஏஎம்சிக்கு மட்டும் அப்புறமா பில்லு போடறேன்னாலும், பொருளுக்கு அட்வான்ஸ் வாங்கினா தான் வரி இல்ல, சர்வீஸுக்கு அட்வான்ஸ் வாங்கின அன்னிக்கே வரி வந்துடும். இதுல நம்ம ஊரு வேடிக்கை ஒண்ணு இருக்கு. முள்ளோடைய தாண்டினா தமிழ்நாடு, ஜிஎஸ்டி மாநில கோட் 34 போயி 33 ஆயிடும், மஞ்சக்குப்பம் ஹோட்டலுக்கு வெளிமாநில சேல்ஸ், ஐஜிஎஸ்டி. அதே மெஷின கேரளா பக்கம் கிடந்தாலும் பாண்டிச்சேரியோட சேந்த மாஹேல கொண்டு போயி மாட்டினா உள்ளூர் சேல்ஸ், சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி. எந்த பில்லுக்கு எதுன்னு மாத்திப் போட்டுடாதீங்க. இன்னொண்ணு, ஜிஎஸ்டி டர்ன்ஓவரும் பி அண்ட் எல் (லாப நஷ்டக் கணக்கு) டர்ன்ஓவரும் இனிமே ஒத்துப் போகாது, அந்த வித்தியாசத்துக்கு ஒரு ஒர்க்கிங் ஷீட் வச்சுக்குங்க, டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேலன்னா ஜிஎஸ்டி கணக்கையும் புக்ஸ் கணக்கையும் ஒத்துப் பாக்கற 9சி படிவத்துல எப்படியும் காட்டித் தான் ஆகணும்.

வருமான வரிக்குன்னு தனியா ஐசிடிஎஸ் 4-ங்கற கணக்கு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுவும் இந்த மாதிரி எண்ணிக்கை இல்லாத சேவைய காலத்துக்கு சமமா பிரிக்க விடுது, அதனால நான் சொன்ன விகித முறை அங்கயும் ஒத்து வரும். மார்ச்ல மட்டும் இருவது செட் போயிருந்தா 7,20,000 தள்ளிப் போகுது, 25 சதவீதம்னு வச்சா 1,80,000 வரி, தள்ளுபடி இல்ல, தள்ளி வைப்பு தான். அதுக்கு எப்படியும் ஏஎம்சி அக்ரிமெண்ட்ல காலம், என்ன வேலை, நடுவுல நிறுத்தினா எவ்ளோ ரீஃபண்ட் எல்லாம் தெளிவா இருக்கணும், ஏஎம்சி ஃப்ரீன்னு போட்ட பில்லு ஒண்ண மட்டும் கைல வச்சுக்கிட்டு 36,000 இன்னும் சம்பாதிக்கலன்னு ஆபீசர்கிட்ட வாதாடறது கஷ்டம். அதனால தான் சொல்றேன், அந்த ஃப்ரீங்கற வார்த்தைய பில்லுலேர்ந்து எடுங்க. மெஷின் 60,000, சாப்ட்வேர் 24,000, ஏஎம்சி 36,000-ன்னே போடுங்க, பேக்கேஜ் விலை மாறலயே, சேல்ஸ் பையன் வாயால ஃப்ரீன்னு சொல்லிக்கட்டும்.

சில பேரு குறுக்கு வழி கேப்பாங்க, மெஷினுக்கு ஒரு அக்ரிமெண்ட் ஏஎம்சிக்கு ஒரு அக்ரிமெண்ட்னு ரெண்டா போட்டுட்டா பிரிக்கற வேலையே இல்லயேன்னு. ஒரே நாள்ல ஒரே ஆளுகிட்ட ஒண்ணா பேரம் பேசினது ரெண்டு பேப்பர்ல இருந்தாலும் ஒண்ணு தான், 115 அத சேத்தே பாக்கும். ஆனா நிஜமாவே முதல் வருஷம் மட்டும் பேக்கேஜ்ல குடுத்துட்டு அடுத்த வருஷம் கஸ்டமர் இஷ்டப்பட்டா காசு குடுத்து புதுப்பிக்கட்டும்னு விட்டா அது வேற வியாபாரம், கணக்கும் சுலபம். காசு முன்னாடி வராதுங்கறது தான் அதுல இருக்கற வலி.

பேங்க் விஷயம் மட்டும் பாக்கி. சிசி (கேஷ் கிரெடிட்) லோன் லிமிட்ட டர்ன்ஓவர்ல 20 சதவீதம்னு பாக்கறவங்களுக்கு உங்க டர்ன்ஓவர் குறைஞ்ச மாதிரி தெரியும், போதாததுக்கு பாக்கி ஏஎம்சி காசு லயபிலிட்டில உக்காரும், ஒரு வருஷத்துக்குள்ள முடியற 12,000 கரண்ட்ல, மீதி 24,000 நீண்ட காலத்துல. அது கடன் இல்ல, காசா திருப்பித் தர வேண்டியது இல்ல, வேலையா தர வேண்டியதுன்னு மேனேஜர்கிட்ட ரினியூவல் பேப்பர் குடுக்கறதுக்கு முன்னாடியே உக்காந்து சொல்லிடுங்க. இந்த முறைக்கு மாறற வருஷத்துல கணக்கு பாலிசி மாத்தினதையும் அதனால லாபம் எவ்ளோ மாறுச்சுங்கறதையும் ஏஎஸ் 5 படி நோட்ஸ்ல எழுதணும். அதுக்கு முன்ன ரெண்டு வருஷத்துல வித்த பேக்கேஜ் எல்லாத்துலயும் எவ்ளோ ஏஎம்சி மாசம் பாக்கின்னு ஒரு லிஸ்ட் வேணும், அத பிப்ரவரிலயே எடுத்துடுங்க, மார்ச் 28-ம் தேதி கேட்டா எந்த ஆடிட்டரும் போன எடுக்க மாட்டாரு.